நீண்டகால விலை வரைபடச் சேவை ஒன்று: மூன்று ஆண்டுச் சந்தாவுக்குப் பின் ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 விழுக்காட்டைத் தொட்டது. நாற்பது ஆண்டுகளாகக் காணாத அந்த எண்ணைப் பார்த்துப் பதறியவர்களில் நானும் ஒருவன். வைப்புநிதியில் கிடக்கும் பணம் கரைந்துகொண்டிருக்கிறது என்பது புரிந்தது. அதை எடுத்து எங்கே வைப்பது என்பது புரியவில்லை. பங்குதான் என்றார்கள் சிலர், தங்கம்தான் என்றார்கள் சிலர், இனி எண்ணெயும் செம்பும்தான் என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. மூன்று தரப்பினரும் சான்றாகக் காட்டியவை ஐந்தாண்டு வரைபடங்கள். முந்தைய பெரும் பணவீக்கக் காலம் 1970களில் நடந்தது. அது எந்த ஐந்தாண்டு வரைபடத்திலும் இடம்பெறாது என்பது தாமதமாகத்தான் உறைத்தது. அந்தக் கோடையிலேயே, ஐம்பது முதல் நூறு ஆண்டு வரையிலான மாதாந்திர விலைகளை வரைபடமாகத் தரும் கட்டணச் சேவை ஒன்றில் சந்தா சேர்ந்தேன். இன்றுவரை அதைப் பயன்படுத்தி வருகிறேன்.

சேவையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் கண்ட குறைகளில் பல, இந்த வகைச் சேவைகள் பலவற்றுக்கும் பொதுவானவை; ஆகவே எதை வாங்கினாலும் எதையெல்லாம் தட்டிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே படிப்பவருக்கு உதவும். சந்தாவில் மூன்று உறுப்புகள் உண்டு. பண்டங்கள், பங்குக் குறியீடுகள், வட்டி விகிதங்கள் ஆகியவற்றின் வரைபடத் தொகுப்பு முதலாவது. ஒரு விலையை இன்னொரு விலையால் வகுத்து வரைந்து பார்க்கும் கருவி இரண்டாவது. மாதம்தோறும் வரும் கருத்துக் கடிதம் மூன்றாவது. முதலிரண்டுக்கும் மூன்றாவதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

தொகுப்பைத் திறந்ததும் முதலில் வருவது தங்கத்தின் வரைபடம், அதுவும் சாதாரண அளவுகோலில். 1971 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை அறுத்தபோது அவுன்ஸ் ஒன்றின் அரசு விலை 35 டாலர். 1980 ஜனவரியில் அது 850 டாலர். இருபத்து நான்கு மடங்கு ஏற்றமான இது சாதாரண அளவுகோலில் ஒரு சின்ன மேடாகத் தெரிகிறது. 2015 இறுதியில் 1,050 டாலரை ஒட்டியிருந்து 2020 ஆகஸ்டில் 2,070 டாலரைத் தாண்டிய, இரண்டு மடங்கைக்கூட எட்டாத ஏற்றமோ, அதைவிட உயரமான குன்றாக நிற்கிறது. சம விழுக்காட்டு மாற்றத்துக்குச் சம உயரம் தரும் மடக்கை அளவுகோலுக்கு மாற்றினால்தான் எது மலை, எது மேடு என்பது ஒழுங்குக்கு வருகிறது. அரை நூற்றாண்டு விலையை வேறு எந்த அளவுகோலிலும் பார்ப்பது வீண் என்பது என் துணிபு. அந்தப் பொத்தானை இவர்கள் அமைப்புகளுக்குள் மூன்றாம் அடுக்கில் புதைத்து வைத்திருக்கிறார்கள். அடுத்த வரைபடத்துக்குப் போனதும் அது மறுபடி பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. மூன்று ஆண்டுகளில் அதை எத்தனை முறை அழுத்தியிருப்பேன் என்று கணக்கில்லை.

இதற்கு நேர்மாறாக, பணவீக்கத்தைக் கழித்துக் காட்டும் பொத்தான் வரைபடத்தின் தலையிலேயே இருக்கிறது. கொடுத்த சந்தாவுக்கு இது ஒன்றே போதும் என்று சொல்லத் தயங்கமாட்டேன். முப்பது பெரிய அமெரிக்க நிறுவனங்களின் பங்கு விலைகளைக் கொண்ட டவ் ஜோன்ஸ் குறியீடு 1966 பிப்ரவரி 9 அன்று 995 புள்ளிகளில் முடிந்தது. 1982 ஆகஸ்டில் அது 777. வெறும் விலையைப் பார்த்தால் பதினாறு ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே விஞ்சிய இறக்கம், அவ்வளவுதான். பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். பொத்தானை அழுத்தியதும் கோடு சரிந்து பாதாளத்துக்குப் போகிறது. அந்தப் பதினாறு ஆண்டுகளில் நுகர்வோர் விலைகள் ஏறத்தாழ மூன்று மடங்கானதால், வாங்கும் திறனில் போனது நான்கில் மூன்று பங்கு. ஈவுத்தொகை இதில் சேராது என்பதை நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் ஆண்டுக்கு நான்கு விழுக்காட்டை ஒட்டிக் கிடைத்த ஈவுத்தொகையை மறுமுதலீடு செய்தவரின் இழப்பு இவ்வளவு கொடுமையாக இருந்திராது. அதையும் சேர்த்து வரையும் வசதி, ஏறத்தாழ ஐந்நூறு அமெரிக்க நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீட்டுக்கு இருக்கிறது, டவ் ஜோன்ஸுக்கு இல்லை. ஏன் இல்லை என்பதற்கு விளக்கமும் இல்லை.

இந்த வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு அளவுகோல் வைத்து அளந்தேன். ஓர் அங்குலத்துக்கு ஐந்து ஆண்டு என்ற கணக்கில் அந்தப் பதினாறு ஆண்டு மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல். தாளில் ஒரு விரல் நீளமே இருக்கும் அந்த இடைவெளியை, நாற்பது வயதில் பங்கு வாங்கிய ஒருவர் ஐம்பத்தாறு வயதில்தான் கடந்திருப்பார். நீண்டகால வரைபடத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் செங்குத்து அச்சைப் பார்க்கிறோம். எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று. நான் கற்றுக்கொண்டதெல்லாம் கிடை அச்சிலிருந்து. தங்கத்தை 1980 ஜனவரி உச்சத்தில் வாங்கியவர் போட்ட டாலரைத் திரும்பப் பார்த்தது 2008 ஜனவரியில், இருபத்தெட்டு ஆண்டு. பணவீக்கத்தைக் கழித்தால் 2011 செப்டம்பரில் 1,900 டாலரை எட்டிய உச்சம்கூட 1980இன் உச்சத்தைத் தொடவில்லை. அன்றைய 850 டாலர் 2011இன் விலைவாசியில் ஏறத்தாழ 2,470 டாலருக்குச் சமம். உண்மை மதிப்பில் பழைய உச்சம் தாண்டப்பட்டது 2025இல்தான். தங்கம் பணவீக்கத்துக்குக் கவசம் என்ற வாக்கியத்தை யார் சொன்னாலும், எத்தனை ஆண்டுக்கு என்று கேட்கும் பழக்கம் அதன்பிறகு வந்துவிட்டது.

வகுத்துப் பார்க்கும் கருவியும் அருமையானது. டவ் ஜோன்ஸ் குறியீட்டைத் தங்கத்தின் விலையால் வகுத்தால், மேலும் கீழும் ஒரே டாலர் இருப்பதால் பணத்தின் தேய்மானம் தானாகவே அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது, குறியீட்டை வாங்க எத்தனை அவுன்ஸ் தங்கம் தேவை என்ற எண் மட்டும். 1980 ஜனவரியில் அது ஒன்றை ஒட்டியிருந்தது. தங்கம் 250 டாலருக்கு அருகில் கிடந்த 1999 கோடையில் நாற்பதைத் தாண்டியது. 2011இல் ஆறுக்கு வந்தது. பங்கா, பண்டமா என்ற சண்டையில் இருபது ஆண்டுக்கு ஒரு தரப்பும் அடுத்த பத்தாண்டுக்கு மறுதரப்பும் வென்றிருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் இந்த வரைபடத்தை 1900 முதல் வரைந்து, கீழே தொட்ட இடங்களையெல்லாம் ஒரு கோட்டால் இணைத்து, மறுபடியும் ஒன்றுக்கு வரும் என்று கடிதத்தில் எழுதுகிறார்கள். அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. 1932 ஜூலையில் டவ் ஜோன்ஸ் 41 புள்ளி, தங்கம் 20.67 டாலர், ஆகவே விகிதம் இரண்டு என்பது சரியான கணக்கே. அந்த 20.67 டாலர் சந்தையில் உருவான விலையன்று, சட்டத்தால் நிறுத்தப்பட்ட விலை. 1934இல் அது 35 டாலராக உயர்த்தப்பட்டது. சில்லறை மாற்றங்கள் தவிர 1960களின் பிற்பகுதி வரை அங்கேயே கட்டிப்போடப்பட்டிருந்தது. எனவே அந்த ஆண்டுகளில் இந்த விகிதத்தின் ஏற்ற இறக்கம் முழுவதும் பங்குக் குறியீட்டின் ஏற்ற இறக்கமே. தங்கம் அதில் ஒரு மாறிலி. இரு சந்தைகளும் சுதந்திரமாக ஒன்றோடொன்று மோதிய காலம் 1971க்குப் பிறகுதான். அதற்குள் பெரிய திருப்பங்கள் மூன்றோ நான்கோ தேறும். மூன்று திருப்பங்களை வைத்து நான்காவதன் அளவைச் சொல்வது ஆரூடம். 1971க்கு முந்தைய பகுதியை வேறு நிறத்தில் காட்டியிருந்தால்கூட இந்த மயக்கம் வந்திராது.

பண்டங்கள் பகுதிதான் சேவையின் பலவீனமான இடம்; என் கை சுட்டதும் அங்கேதான். 2023 வசந்த காலத்தில் இயற்கை எரிவாயுவின் அமெரிக்க முன்பேர விலை, அதாவது பின்னொரு மாதத்தில் கைமாறுவதற்கு இன்றே பேசிக்கொள்ளும் விலை, பத்து லட்சம் வெப்ப அலகுக்கு 2 டாலரை ஒட்டிக் கிடந்தது. முந்தைய ஆகஸ்டில் 9 டாலரைத் தாண்டியிருந்த பண்டம் அது. நீண்டகால வரைபடத்தில் 2012, 2016, 2020 ஆகிய ஆண்டுகளிலும் விலை அந்த ஆழத்துக்கு வந்துதான் திரும்பியிருந்தது. இதைவிட உறுதியான தரை எங்கே கிடைக்கும் என்று, எரிவாயு முன்பேர ஒப்பந்தங்களை வைத்திருக்கும் ஒரு ஃபண்டை வாங்கினேன். தரை உண்மையிலேயே உறுதியாகத்தான் இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் விலை 3 டாலரை நன்றாகவே தாண்டியிருந்தது. வரைபடத்தில் பாதிக்கு மேல் ஏற்றம். என் ஃபண்டிலோ பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் ஏற்றம்.

காரணம் எளியது, வரைபடத்தில் தெரியாதது. எரிவாயுவைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்ட முடியாது. ஃபண்ட் வைத்திருப்பது அடுத்த மாதத்துக்கான ஒப்பந்தம். தவணை முடியுமுன் அதை விற்று, அதற்கடுத்த மாத ஒப்பந்தத்தை வாங்கியாக வேண்டும். இந்த மாதம் 2 டாலர், அடுத்த மாதம் 2.20 டாலர் என்று சந்தை இருந்தால், ஆயிரம் அலகை விற்ற பணத்தில் 909 அலகுதான் வாங்க முடியும். கையிருப்பு விலை 2 டாலரிலேயே நின்றாலும், 2.20க்கு வாங்கியது தவணை நெருங்க நெருங்க 2 டாலரை நோக்கி இறங்கும். சந்தைக்காரர்கள் கன்டாங்கோ என்று சொல்லும் நிலை இது. தலைகீழாக இருந்தால், அதாவது அடுத்த மாதம் மலிவாக இருந்தால், அதே மாற்றத்தில் லாபம் வரும். நீண்டகால வரைபடமோ ஒவ்வொரு மாதமும் அருகிலுள்ள ஒப்பந்தத்தின் விலையை மட்டும் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியது. ஒட்டுப்போட்ட இடத்தில் பணம் கசிவதை அது காட்டாது. ஒட்டின் இடைவெளியைச் சரிக்கட்டிய இன்னொரு வரைபடம் இந்தச் சேவையிலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. அதற்கு வைத்த பெயர் ‘தொடர் 2’. விளக்கக் குறிப்பு எதுவும் கிடையாது. அதில் எரிவாயு, பழைய காலத்தில் கற்பனைக்கு எட்டாத உயரத்தில் தொடங்கி ஆண்டாண்டாகச் சரிந்துகொண்டே வருகிறது. அந்த உயரம் யாரும் கொடுத்த விலையன்று. ஆனால் அந்தச் சரிவு முதலீட்டாளர் உண்மையில் பட்ட பாடு. விலை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அறிய முதல் தொடர், வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று அறிய இரண்டாம் தொடர். இந்த ஒரு வாக்கியத்தை வரைபடத்தின் அடியில் அச்சிட்டிருந்தால் எனக்குப் படிப்புச் செலவு மிஞ்சியிருக்கும்.

மாதாந்திரக் கோடு மறைக்கும் செய்திகள் வேறும் உண்டு. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்கு 37.63 டாலர் என்ற கழித்தல் விலையில் முடிந்தது. விற்பவர் பணம் கொடுத்துத் தள்ளிவிட்ட நாள் அது. மறுநாளே அந்த ஒப்பந்தம் காலாவதியானதால், மாத இறுதி விலையை மட்டும் இணைக்கும் கோட்டில் அந்த நாள் சுவடே இல்லாமல் போகிறது. நிக்கலில் இதற்கு எதிரான கோளாறு. 2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் அது டன்னுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. சந்தை வணிகத்தை நிறுத்தி, அன்றைய வணிகங்களை ரத்தும் செய்தது. ரத்தான அந்த விலையை, மாதத்தின் உச்சத்தையும் அடியையும் குறிக்கும் இவர்களுடைய மாதப் பட்டை இன்றும் உச்சம் என்று காட்டுகிறது. கடிதம் எழுதுபவர் அங்கே, விலை ஏறினால் முட்டி நிற்கும் இடம் என்று ஒரு தடைக்கோடும் போட்டிருந்தார். வாடிக்கையாளர் உதவிக்கு எழுதிக் கேட்டேன். மூன்று வாரம் கழித்து, தரவு எங்களுக்கு வந்தபடி வெளியிடப்படுகிறது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

பண்டங்களின் பொதுக் குறியீடான சி.ஆர்.பி.யிலும் இதே அலட்சியம். 1957இல் 28 பண்டங்களுடன் தொடங்கிய அந்தக் குறியீடு 2005இல் 19 பண்டங்களாக மாற்றி அமைக்கப்பட்டது; கணக்கிடும் முறையே மாறியது, எண்ணெய்ப் பொருட்களுக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு எடை வந்தது. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. இரண்டையும் ஒரே கோடாக இழுத்து, 2008இன் உச்சத்தை 1980இன் உச்சத்தோடு ஒப்பிட்டால் கிடைப்பது ஒப்பீடாகாது.

இனி அந்தக் கடிதம். எழுதுபவருக்குச் சந்தை தெரியும், நடையும் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் பணவீக்கம் என்றால் தங்கம், வெள்ளி, எண்ணெய் என்ற ஒரே பல்லவிதான். அவருடைய நிறுவனமே தரும் வரைபடம் அதை மறுக்கிறது. அமெரிக்கக் குடிமக்கள் மீண்டும் தங்கம் வைத்திருக்க அனுமதிக்கப்பட்ட 1974 டிசம்பர் 31ஐ ஒட்டி 190 டாலரைத் தாண்டியிருந்த தங்கம், 1976 ஆகஸ்டில் நூறை ஒட்டி வந்தது. அந்த இருபது மாதமும் விலைவாசி ஏறிக்கொண்டுதான் இருந்தது. 2022லும் அதே கதை: மார்ச்சில் 2,000 டாலரைத் தாண்டிய தங்கம், பணவீக்கம் உச்சத்தைத் தொட்ட பிறகு, இலையுதிர் காலத்தில் 1,620 டாலர் அருகே கிடந்தது. பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை அமெரிக்க மைய வங்கி அவ்வாண்டு முடிவதற்குள் நான்கு விழுக்காட்டுக்கு மேல் ஏற்றிவிட்டது. தங்கத்துக்குப் பகை, வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழித்தபின் மிஞ்சுவது. 1979 ஆகஸ்டில் மைய வங்கித் தலைவரான பால் வோல்க்கர் வட்டியை இருபது விழுக்காடு வரை கொண்டுபோனபோது பண்டங்களின் ஓட்டம் நின்றதும் அதனால்தான். இந்த உண்மை வட்டியைத் தங்கத்தின் மேல் பொருத்திப் பார்க்கும் வரைபடம் தொகுப்பின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. கடிதத்தில் அதைக் குறித்து ஒரு வரி வந்ததாக நினைவில்லை.

வெள்ளியைப் பற்றி எழுதியது இன்னும் வேடிக்கை. 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியது. அமெரிக்கக் கோடீஸ்வரர்களான ஹன்ட் சகோதரர்கள் குவித்து வைத்ததன் விளைவு அது. 1982இல் 5 டாலரை ஒட்டி வந்தது. 2011 ஏப்ரலில் மறுபடி 50ஐ நெருங்கித் திரும்பியது. இந்த மூன்று புள்ளிகளையும் வளைகோட்டால் இணைத்து, ஏற்றத்துக்கு அறிகுறியான கோப்பை வடிவம் என்று ஆண்டுதோறும் வரைந்துவந்தார்கள். 2025 அக்டோபரில் விலை 50ஐத் தாண்டியதும் அந்த மாதக் கடிதம் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டது. நாற்பத்தைந்து ஆண்டு காத்திருந்து மெய்ப்பட்ட கணிப்பு என்பது இருக்கட்டும். பணவீக்கத்தைக் கழிக்கும் அவர்களுடைய பொத்தானை அழுத்திப் பார்த்தேன். 1980இன் 50 டாலர், 2025இன் விலைவாசியில் 200 டாலருக்கு மேல். உச்சம் என்று கொண்டாடப்பட்ட இடம், பழைய உச்சத்தின் கால் பங்கு.

பங்குகளைத் துறைவாரியாகப் பிரித்துக் காட்டும் பகுதி பயனுள்ளது. 2022இல் எஸ் அண்ட் பி 500 பத்தொன்பது விழுக்காடு இறங்கியபோது, அதன் எரிசக்தித் துறை மட்டும் பாதிக்கு மேல் ஏறியதை அங்கே கண்ணால் காணலாம். பண்டத்தின் ஒட்டுக் கசிவு இல்லாமல் பண்ட விலையில் பங்கு கொள்ள இது ஒரு வழி என்பது என் எண்ணம். தனி நிறுவன வரைபடங்களில் மட்டும் கவனம் தேவை. இன்று உயிரோடிருக்கும் நிறுவனங்களுக்கே ஐம்பதாண்டு வரைபடம் கிடைக்கும்; மூழ்கியவற்றுக்கு வரைபடமே இல்லை. வாழ்ந்தவர்களின் கதையை மட்டும் வைத்து எல்லாம் ஏறும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கைப்பேசிச் செயலி மெதுவாகத் திறக்கிறது. தரவை இறக்கிக்கொள்ளும் வசதி நன்றாக வேலை செய்கிறது. அதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

யாருக்கு ஏற்றது என்றால், பத்தாண்டுக்குக் குறையாமல் பணத்தைத் தொடாமல் வைக்கக்கூடியவர்களுக்கு, தாங்கள் எவ்வளவு காலம் மாட்டிக்கொள்ளக்கூடும் என்பதை முன்கூட்டியே பார்த்துவிட விரும்புகிறவர்களுக்கு இது நல்ல சேவை. எந்த மாதத்தில் வாங்குவது, எந்த மாதத்தில் விற்பது என்று அறிய விரும்புகிறவர்கள் இதில் பணம் போட வேண்டாம். ஐந்துக்கு மூன்றரை தருவேன். வரைபடங்களின் அடியில் குறிப்புகள் வந்துவிட்டால் இன்னொரு புள்ளி கூட்டலாம். கடந்த முறை புதுப்பித்தபோது, கருத்துக் கடிதம் சேராத, கட்டணம் குறைந்த சந்தாவுக்கு மாறிக்கொண்டேன். அதில் வகுத்துப் பார்க்கும் கருவியும் பணவீக்கப் பொத்தானும் இருக்கின்றன. ‘தொடர் 2’ என்பதன் பெயரை மட்டும் இன்னும் மாற்றவில்லை.